ஒரு கிலோ பெல்லட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரை சாலையோரத்தில் மெஸ்ஸும் டீக்கடையும் பெருகப் பெருக, தொட்டி வைத்த அடுப்பைப் பற்றிய பேச்சும் பெருகியிருக்கிறது. மேலே கூம்புத் தொட்டி; அதில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டையோ கரியையோ கொட்டிவிட்டால் தானாகச் சரிந்து இறங்கி எரியும். பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டாம். வீட்டுக்கு வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கணக்கால் சொல்வது நல்லது. கணக்கு போட்டுப் பார்த்தால், பெல்லட் என்ன விலை என்பதைவிட அடுப்புக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதுதான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில் ஒரு சட்டி சோறு. 1 கிலோ அரிசி, 3 லிட்டர் தண்ணீர். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போக 210 கிலோ கலோரி. அரிசி சூடாக சுமார் 28. கொதியில் அரை லிட்டர் ஆவியாகப் போனால் அதற்கு மட்டும் 270. மொத்தம் 508 கிலோ கலோரி. இதில் பாதிக்கு மேல் ஆவிக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கொதி வந்தபின் தீயைத் தணிக்கத் தெரிந்தவர் அந்த 270-இல் பெரும் பகுதியை மிச்சம் பிடிக்கிறார். தொட்டி அடுப்பில் தீயைச் சட்டென்று தணிப்பது கடினம். காஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் போதும். கணக்கில் வராத இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டே மேலே போகலாம்.

ஒப்பிடுவதற்கு அளவுகோல் காஸ்தான். 2025 ஏப்ரல் 8 உயர்வுக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 868.50 ரூபாயாக இருந்தது, கிலோவுக்கு 61.16; கணக்கு அந்த விலையில்தான். ஒரு கிலோ காஸில் சுமார் 11,000 கிலோ கலோரி. காஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் 68 விழுக்காடு. அப்படியானால் கிலோவுக்கு 7,480 கிலோ கலோரி பாத்திரத்தைச் சேர்கிறது. பாத்திரத்துக்குள் போன 1,000 கிலோ கலோரிக்கு நாம் கொடுக்கும் விலை 8.18 ரூபாய். மேலே சொன்ன ஒரு கிலோ அரிசிச் சோற்றுக்கு 68 கிராம் காஸ், 4 ரூபாய் 15 பைசா.

இனி பெல்லட். மரத்தூளையும் பயிர்க் கழிவையும் அழுத்திச் செய்த நல்ல பெல்லட்டில் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி இருக்கும். விறகு, பெல்லட் அடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152. ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 விழுக்காடும், ஃபேன் உள்ளதற்கு 35 விழுக்காடும் திறன் வேண்டும் என்கிறது அது. சரியாக எரியாமல் புகை கக்கும் அடுப்பை 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறேன். காஸுக்குச் சமமாக நிற்க ஒரு கிலோ பெல்லட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்?

வீட்டு சிலிண்டரோடு ஒப்பிட்டால்:
35 விழுக்காட்டுத் திறனில் எரிந்தால் — ரூ.11.45
25 விழுக்காட்டுத் திறனில் எரிந்தால் — ரூ.8.18
15 விழுக்காட்டுத் திறனில் எரிந்தால் — ரூ.4.91

19 கிலோ வணிக சிலிண்டரோடு ஒப்பிட்டால் (2025 செப்டம்பர் சென்னை விலை ரூ.1,738):
35 விழுக்காடு — ரூ.17.12
25 விழுக்காடு — ரூ.12.23
15 விழுக்காடு — ரூ.7.34

மூட்டை ஒன்றுதான், பெல்லட்டும் ஒன்றுதான். எரிக்கிற விதத்தைப் பொறுத்து அதன் மதிப்பு 5 ரூபாயாகவும் இருக்கிறது, 11 ரூபாயாகவும் இருக்கிறது. வியாபாரியிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் பேரம் பேசுகிறவர்கள், அடுப்பில் கிலோவுக்கு ஆறு ரூபாய் போவதைப் பார்ப்பதில்லை. உஜ்வாலா இணைப்பு உள்ள வீட்டுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கழிகிறது. அவர்களுக்கு நன்றாக எரிகிற அடுப்பிலும் பெல்லட் கிலோ 7 ரூபாய் 50 பைசாவுக்குக் கீழே வந்தால்தான் கட்டும். அந்த விலைக்கு நல்ல சரக்கு கிடைப்பது அரிது.

ஒரு சிலிண்டர் 45 நாள் ஓடுகிற வீட்டை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 315 கிராம் காஸ், 19 ரூபாய் 30 பைசா, பாத்திரத்தைச் சேர்வது 2,360 கிலோ கலோரி. அதே வேலைக்கு 35 விழுக்காட்டில் நாளுக்கு 1.69 கிலோ பெல்லட் வேண்டும், 25-இல் 2.36 கிலோ, 15-இல் ஏறத்தாழ 4 கிலோ. பெல்லட் கிலோ 10 ரூபாய் என்று வைத்தால், மிக நன்றாக எரிகிற வீட்டில் நாளுக்கு 2 ரூபாய் 40 பைசா மிச்சம். மாதம் 72 ரூபாய். அடுப்பை 5,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் அந்தப் பணம் திரும்பி வர 69 மாதம். 25 விழுக்காட்டுக்கு இறங்கினாலே நாளுக்கு 4 ரூபாய் 30 பைசா கைவிட்டுப் போகும். காஸ் இணைப்பு இருக்கிற வீட்டுக்குத் தொட்டி அடுப்பு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். வீட்டுக் கணக்கு அதோடு முடிகிறது. வணிக சிலிண்டர் வாங்குகிற மெஸ்ஸின் கணக்கு வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன், 35-க்கும் 15-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ மரம் முழுதாக எரியச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அது 5 கன மீட்டர். காசில்லாமல் கிடைக்கும் இந்தக் காற்றைத்தான் எல்லா அடுப்பும் தப்பாகச் செலவழிக்கிறது. பெல்லட்டின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூடுபட்டதும் வாயுவாக மேலே கிளம்பிவிடுகிறது. தட்டில் கங்காக நின்று எரிவது மிச்சம் உள்ள கொஞ்சம்தான். கீழிருந்து மட்டும் காற்றுக் கொடுத்தால் கங்கு தகதகக்கும். மேலே போன வாயு எரியாமல் புகையாகும். ஆகவே கீழே கொஞ்சம், தீ நாக்கின் உயரத்தில் நிறைய என்று காற்றைப் பிரிக்க வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம் இதைத்தான் செய்து காட்டியது. பி.பி. எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து 2006-இல் 'ஊர்ஜா' அடுப்பு சந்தைக்கு வந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. நிமிடத்துக்கு 12 கிராம் பெல்லட். அதில் கீழ்க் காற்று ஒரு பங்கு என்றால் மேல் காற்று மூன்று பங்கு. சின்ன ஃபேன் ஒன்றே போதும். 3 வாட் ஃபேன் நாளுக்கு 3 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்குக் கால் யூனிட்தான். அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் மூலப்பொருள் விலை ஏறி பெல்லட் விலையும் ஏற, பல வீடுகளில் அது மூலைக்குப் போனது. மேலே போட்ட விலைப் பட்டியல்தான் அங்கேயும் வேலை செய்தது.

ஊர்ஜாவில் தொட்டி கிடையாது. ஒரு தடவை நிரப்பி, மேலிருந்து பற்றவைத்து, முடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். தொட்டி வைத்த அடுப்பின் பிறப்பிடம் குளிர் நாடு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி வெட்டுகிறார்கள். அதில் வாயுவாகக் கிளம்பும் பகுதி பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் தொட்டி நெருப்புக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தாலும் உள்ளே இருக்கிற கரி புகையாது. கீழே எரிய எரியச் சரிந்து வரும். அந்த வடிவத்தை அப்படியே எடுத்து மர பெல்லட்டைக் கொட்டினால், தொட்டிக்குள்ளேயே பெல்லட் சூடாகிப் புகை விட ஆரம்பிக்கும். மூடி சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த வழியே இழுபடும், நெருப்பு தொட்டிக்குள் ஏறும். கரண்ட் போய் ஃபேன் நின்றால் இது நடக்க அதிக நேரம் ஆகாது. பெல்லட்டுக்கான தொட்டி நெருப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சரிவான குழாய் வேண்டும். மூடியின் விளிம்பில் வெப்பம் தாங்கும் கயிறு பதித்து இறுக்கமாக மூட வேண்டும். கடையில் அடுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பர்னரைப் பார்க்கும் முன் இந்த மூடியைத் தூக்கிப் பார்க்கட்டும். விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி, தாளை இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த மூடி காற்றை விடும்.

சிம்னியின் கணக்கும் இடத்துக்கு இடம் மாறுகிறது. சிம்னியின் இழுப்பு உள்ளே உள்ள சூடான காற்றுக்கும் வெளியே உள்ள காற்றுக்கும் நடுவிலான எடை வேறுபாடு. 2.5 மீட்டர் சிம்னியில் 150 டிகிரி புகை ஏறுகிறது என்று வையுங்கள். வெளியே மைனஸ் 5 டிகிரி உள்ள பென்சில்வேனியாக் குளிரில் அது 11.8 பாஸ்கல் இழுக்கும். அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரி உள்ள வாலாஜாபாத் நடுப்பகலில் அதே சிம்னி இழுப்பது 7.2 பாஸ்கல்தான். 39 விழுக்காடு குறைவு. அங்கே கிடைத்த இழுப்பு இங்கே வேண்டுமென்றால் சிம்னியை 4.1 மீட்டருக்கு உயர்த்த வேண்டும். காலையில் நன்றாக எரிந்த அடுப்பு பகல் பன்னிரண்டுக்குப் புகைகிறது என்று சொல்பவர்கள் பெல்லட்காரரைக் குறை சொல்வார்கள். பல நேரம் வெயில்தான் காரணம்.

சரி, நம்மிடம் நிலக்கரியே இல்லையா? இருக்கிறது, நெய்வேலியில், 1956-இல் நிறுவனமாகப் பதிவாகி இன்றும் வெட்டுகிறார்கள். ஆனால் அது பழுப்பு நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது எடையில் பாதி தண்ணீர். ஒரு கிலோவில் உள்ள சுமார் 2,600 கிலோ கலோரியில் 300-க்கு மேல் அந்த அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். காய வைத்தால் பொடிந்து தூளாகும். தூள் தொட்டியில் இறங்காது, தட்டில் காற்றையும் விடாது. இதனால்தான் நெய்வேலியில் அதை அழுத்திக் கட்டியாக்கி, சுட்டுக் கரியாக்கி, 'லெக்கோ' என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். புகை விடாத, கையில் எடுத்து அடுக்கக்கூடிய கட்டி. தொட்டி அடுப்புக்கு இந்த மாநிலத்தில் பொருத்தமாக வந்த ஒரே நிலக்கரி அதுதான் என்பது என் கருத்து. அந்த ஆலை பிறகு மூடப்பட்டுவிட்டது.

மிச்சம் இருப்பது அடுப்புக்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுச் சுட்ட கரி. கிலோவுக்கு 7,000 கிலோ கலோரி என்று பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ கரிக்கு நாலு, ஐந்து கிலோ மரம் மூட்டத்தில் போகிறது. மரத்தில் இருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் காட்டிலேயே புகையாகிவிடுகிறது. அந்தச் செலவு விலையில் வந்து நிற்கும். 25 விழுக்காடு திறனில் வீட்டு காஸுக்குச் சமமாக நிற்கக் கரி கிலோ 14 ரூபாய் 30 பைசாவுக்கு வர வேண்டும். எந்தக் கடையிலும் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

உமியைப் பற்றிக் கேட்காமல் வாலாஜாபாத்தில் யாரும் விடமாட்டார்கள். பாலாற்றங்கரை, ஏரிப் பாசனம், நெல் ஊர். 100 கிலோ நெல் அரைத்தால் 20 கிலோ உமி. கிலோவுக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி. அந்த நெல்லில் வரும் 66 கிலோ அரிசியை அதன் உமியைக் கொண்டே சமைக்க முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். 20 விழுக்காடு திறனில் 24 கிலோ அரிசிக்குத்தான் வருகிறது. 35 விழுக்காட்டுக்கு ஏற்றினால் 41 கிலோ. அடுப்பு மேம்படுவது எவ்வளவு சோறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு எண் கிடைக்கவில்லை.

உமியில் இரண்டு சிக்கல். ஒன்று, இடம். நம் 2,360 கிலோ கலோரி வீட்டுக்கு நாளுக்கு 4 கிலோ உமி. லிட்டருக்கு 110 கிராம்தான் நிற்கும் என்பதால் 36 லிட்டர். அதே வேலைக்குப் பெல்லட் 2.6 லிட்டர், கரி 6 லிட்டர். உமித் தொட்டியின் சுவர் செங்குத்தாக, குறைந்தது 60 டிகிரி சரிவில் இல்லாவிட்டால், நடுவில் தங்கி நின்றுவிடும். கீழே எரிந்து குழியாகும், தட்டியதும் மொத்தமாக விழுந்து தீயை மூடும். இரண்டு, சாம்பல். உமி எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நாளுக்கு 790 கிராம், மாதம் 23 கிலோவுக்கு மேல். எரிந்தபின்னும் உமியின் வடிவத்திலேயே தட்டில் நின்று காற்றை அடைக்கும். புழுங்கல் ஆலைகளின் கொதிகலனுக்கு உமி பொருந்துவது, அங்கே சாம்பல் தள்ளவே ஆள் இருப்பதால். வீட்டில் அந்த ஆள் பெரும்பாலும் அம்மாதான்.

கணக்கிலேயே மிக முக்கியமான வரி பணத்தைப் பற்றியதல்ல. கரியோ பெல்லட்டோ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ஒரு மணி நேரம் மூச்சு விடும் காற்றில் கன மீட்டருக்கு 35 மில்லி கிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் நாலைந்து பேராகத் தங்கும் பத்துக்குப் பத்து அறையை எண்ணிப் பாருங்கள். பத்து அடி உயரம் என்றால் 28.3 கன மீட்டர். அந்த அறையை அந்த எல்லைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு கிராம் போதும். தரச் சான்று பெற்ற நல்ல அடுப்புக்கே, பாத்திரத்தைச் சேரும் ஒரு மெகா ஜூலுக்கு 5 கிராம் வரை அனுமதி. நாள் சமையலுக்கு 49 கிராம். சமையல் 3 மணி நேரம் என்றால், அந்த எல்லைக்குள் இருக்க அறைக் காற்று முழுவதும் மணிக்கு 16 தடவைக்கு மேல் மாற வேண்டும். ஒற்றை ஜன்னலால் அது ஆகாது. மழைக்காலத்தில் கதவை மூடிக்கொண்டு கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். கங்கு தணிந்து புகை நின்ற பின்னும் வாயு வரும். புகை இல்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டி அடுப்புக்கு இடம் திறந்த தாழ்வாரம், அல்லது கூரைக்கு மேலே போகும் சிம்னி. மூன்றாவது இடம் கிடையாது. அந்த அறையில் முகவரிச் சான்று இல்லாத பிள்ளைக்கு 5 கிலோ சிலிண்டர் கிலோ கணக்கில் விலை கூடுதலாக இருந்தாலும், அதையே வாங்கச் சொல்வேன்.

இந்தப் பாதையில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் ஓர் எரிபொருளையும் சொல்ல வேண்டும். ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு உதிரிபாகங்கள் வரும் பேக்கிங் கட்டை. நல்ல காய்ந்த பைன் மரம். பழைய மரக்கடைகளில் எடைக்கு விற்கிறார்கள். சிறு துண்டுகளாக நறுக்கித் தொட்டியில் போடுகிறார்கள். வாங்கும் முன் கட்டையின் பக்கத்தில் சூடு வைத்த முத்திரையைத் தேடுங்கள். கதிர் வரைந்த சின்னம், நாட்டுக் குறியீடு, அதன்பின் இரண்டு ஆங்கில எழுத்துகள். ஹெச், டி என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சுட்டது, எரிக்கலாம். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றிய மரம். சமையல் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பெயின்ட் அடித்ததும் பிளைவுட்டும் அப்படியே. ஆணியையும் பிடுங்கிவிட வேண்டும், சரிவுக் குழாயில் ஒரு ஆணி நின்றால் தொட்டி மொத்தமும் நிற்கும்.

இனி மெஸ். நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் எரிக்கும் மெஸ்ஸுக்கு, மேலே சொன்ன விலையில், 1,738 ரூபாய் செலவு. பாத்திரத்தைச் சேர்வது 1,42,120 கிலோ கலோரி. பெல்லட் கிலோ 12 ரூபாய் என்று வையுங்கள். 35 விழுக்காட்டில் 101.5 கிலோ, 1,218 ரூபாய். நாளுக்கு 520 ரூபாய் மிச்சம். 25 விழுக்காட்டில் 142 கிலோ, 1,705 ரூபாய். மிச்சம் 33 ரூபாய், சாம்பல் அள்ளும் கூலிக்குக்கூட வராது. 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் 394 ரூபாய் நஷ்டம். வேறு எதுவும் மாறவில்லை, எரிகிற விதம் மட்டும்தான்.

எந்தத் திறனில் எரிகிறது என்று மெஸ்ஸில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரகடம் சாலையில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர், "மூட்டை மூட்டையா போகுது தம்பி, ஆனா சட்டி சூடாக மாட்டேங்குது" என்றார். சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தால் கறுப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருந்தது. "அக்கா, காய்கறி நிறுக்கிற தராசுலயே இதையும் நிறுத்துப் பாருங்க" என்றேன். நல்ல பெல்லட்டில் சாம்பல் 5 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும்: 100 கிலோ எரித்தால் 5 கிலோ, சாம்பல் நிறத்தில், இலேசாக. 10 கிலோ வந்தால் அதிகப்படியான 5 கிலோ எரியாத கரி. அது 35,000 கிலோ கலோரி, 8.75 கிலோ பெல்லட்டுக்குச் சமம். நாளுக்கு 105 ரூபாய், மாதம் 3,150.

கறுப்புச் சாம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மூட்டையின் அடியில் சேரும் தூளைச் சலிக்காமல் கொட்டுவது. இரண்டாவது, தட்டைக் குலுக்காமல் விட்டு அடைய விடுவது. அல்லது பயந்து அதிகமாகக் குலுக்குவது. முதல் சிவந்த கங்கு கீழே விழுந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, ஃபேனை வேகமாக வைத்தால் தீ அதிகம் என்று நினைத்துக் கங்கை ஊதித் தள்ளுவது. தீ நீண்டு, மஞ்சளாகி, சட்டியின் அடியைக் கரியாக்கினால் மேல் காற்று போதவில்லை. கீழ்க் காற்றைக் குறைத்து மேல் துளைகளைத் திறக்க வேண்டும். தட்டில் கண்ணாடி போல உருகிய கட்டி நின்றால் பெல்லட்டில் மண் கலந்திருக்கிறது. அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கும்போதே ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், இறுக்கமாக அழுத்தியது அடியில் போய்த் தங்கும். மிதப்பது தொட்டியிலேயே பொடிந்து தூளாகும்.

எடை போட்ட கறுப்புச் சாம்பலைக் கொட்ட வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு கால் அங்குலச் சல்லடையில் சலித்தால் சாம்பல் கீழே போகும், கரித்துண்டு மேலே நிற்கும். மறுநாள் புதுப் பெல்லட்டோடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்து போட்டால் எரிந்துவிடும். ஆறியதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் போதாது. மூடியுள்ள இரும்பு டப்பாவில் ஓர் இரவு வைத்துவிட்டுப் பிறகே சலிக்க வேண்டும்.